பண்ணை முதலைகளைத் தாக்கும் பாக்டீரியா நோய்கள்: கிருமிக்கு முன்பே தொடங்கும் காரணங்கள்

சண்டையில் காலை இழந்த முதலைகூடச் சேற்று நீரில் கிடந்தபடியே புண் ஆறிப் பிழைத்துவிடும் என்று சொல்லப்படுவதுண்டு. அது பெருமளவு உண்மை. முதலைகளின் இரத்த நீர் பலவகைப் பாக்டீரியாக்களைக் கொல்லக்கூடியது என்பதை ஆய்வகச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட விலங்கின் குஞ்சுகள், கழுவித் துடைத்த கான்கிரீட் தொட்டியில், வேளாவேளைக்கு இரை கிடைத்தும், பிடித்துத் தின்ன நாரையோ உடும்போ இல்லாத இடத்திலும், ஒரே வாரத்தில் கொத்துக்கொத்தாகச் செத்து மிதப்பது ஏன்? முதலைப் பண்ணைகளில் நோய் பரவியதாகச் செய்தி வரும்போதெல்லாம் எழும் இந்தக் கேள்விக்கு, "ஏதோ புதுக் கிருமி வந்துவிட்டது" என்பதே பெரும்பாலும் முதல் பதிலாகச் சொல்லப்படுகிறது. பல நேரங்களில் அது தவறான பதில். கொல்லும் கிருமி அந்தத் தொட்டியிலும் அந்தக் குஞ்சுகளின் குடலிலும் முன்பே இருந்ததுதான். மாறியது அதைத் தடுத்து வைத்திருந்த உடலின் நிலை.

எந்த முதலைகள், எதற்காக

வணிக அளவில் வளர்க்கப்படுபவை சில இனங்களே. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் நைல் முதலையும், ஆஸ்திரேலியாவிலும் பப்புவா நியூ கினியிலும் உவர்நீர் முதலையும், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நாடுகளில் சயாம் முதலையும், அமெரிக்காவின் லூசியானா, ஃபுளோரிடா மாநிலங்களில் அமெரிக்க அலிகேட்டரும் வளர்க்கப்படுகின்றன. இவற்றின் தோல் வணிகம் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும், 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் நடக்கிறது.

பண்ணைகள் இரண்டு வகைப்படும். காட்டில் உள்ள கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்து வளர்ப்பது ஒரு வகை. தாய் முதலைகளைப் பண்ணையிலேயே வைத்து முட்டையிடச் செய்வது மற்றொரு வகை. நோய்த் தடுப்பில் இரண்டுக்கும் தனித்தனிச் சிக்கல் உண்டு. முன்னதில் ஒவ்வொரு பருவத்திலும் வெளியிலிருந்து முட்டைகள் வந்துகொண்டே இருக்கும். பின்னதில் பல ஆண்டுகள் வாழும் பெரிய முதலைகள், வெளியே தெரியாமல் கிருமியைச் சுமந்தபடி நிரந்தரமாக இருக்கும்.

விற்பனைக்குரிய முதன்மைப் பொருள் வயிற்றுப்புறத் தோல் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உயிரைப் பறிக்காத, ஆனால் தோலில் குண்டூசித் தலை அளவுக்குக் குழி விட்டுப் போகும் ஒரு தொற்றுகூடப் பண்ணைக்குப் பெரும் இழப்பாகிவிடும்.

வெப்பநிலையும் நோய் எதிர்ப்பாற்றலும்

முதலை தன் உடல் வெப்பத்தை உள்ளிருந்து உண்டாக்கிக்கொள்ளும் விலங்கு அன்று. சுற்றியுள்ள நீரும் காற்றும் வெயிலும் தரும் வெப்பத்தைக் கொண்டே அதன் உடல் இயங்குகிறது. இயற்கையில் அது வெயிலில் ஏறிப் படுத்தும், நீரில் இறங்கியும், வாயைத் திறந்து வைத்தும் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 30 முதல் 33 டிகிரி செல்சியஸுக்குள் வைத்துக்கொள்ள முயல்கிறது. செரிமானம், வளர்ச்சி, வெள்ளணுக்களின் இயக்கம், எதிர்ப்பொருள் உருவாக்கம் ஆகிய அனைத்தும் அந்த இடைவெளியில்தான் சரியாக நடக்கின்றன.

வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது பசி மந்தமாகிச் செரிமானம் தளர்கிறது. முந்தின நாள் விழுங்கிய இறைச்சி வயிற்றில் கரையாமல் கிடந்து அழுகத் தொடங்குகிறது. அதே நேரத்தில் நோய் எதிர்ப்பாற்றலும் மெதுவாகிறது. ஆனால் குடலிலும் நீரிலும் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு 25 டிகிரி குளிரே இல்லை. அவை பெருகிக்கொண்டே இருக்கும். இப்படி விலங்கின் வேகம் குறைந்து கிருமியின் வேகம் குறையாமல் இருக்கும் சில நாட்களில்தான் தொற்று உடலுக்குள் இறங்குகிறது. வெப்பம் 36 டிகிரியைத் தாண்டுவதும் ஆபத்தே. தப்பி ஒதுங்க நிழலோ குளிர்ந்த நீரோ இல்லாத மூடிய கொட்டகையில் அது குளிரைவிட விரைவாகக் கொல்லும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மனிதருக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வருகிறது. முதலையால் அப்படித் தானாகக் காய்ச்சலை உண்டாக்கிக்கொள்ள முடியாது. அதற்குப் பதிலாக, நோயுற்ற முதலை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிச் சென்று படுத்து, வெளிவெப்பத்தைக் கொண்டே தன் உடலைச் சூடாக்கிக்கொள்கிறது. இதை 'நடத்தைக் காய்ச்சல்' என்பர். அமெரிக்க அலிகேட்டர்களில் இது சோதனை மூலம் காட்டப்பட்டிருக்கிறது. தொட்டி முழுவதும் ஒரே வெப்பநிலை நிலவும் கொட்டகைகளில் வளர்ச்சி வேகமாக இருக்கும் என்பது மெய்தான். ஆனால் அங்கே நோயுற்ற விலங்கு ஒதுங்கிச் சூடேற்றிக்கொள்ள இடமில்லை. தொட்டியின் ஒரு மூலையையாவது 2 அல்லது 3 டிகிரி கூடுதல் வெப்பத்துடன் வைப்பது வளர்ச்சிக் கணக்கில் வீண் செலவாகத் தோன்றினாலும், நோய்க் கணக்கில் அது வீணாகாது.

அச்சம் எப்படி நோயாகிறது

வெப்பத்துக்கு அடுத்த காரணம் அச்சம். குஞ்சு முதலை இயற்கையில் பலருக்கும் இரையாகும் விலங்கு; பிறந்ததிலிருந்தே ஒளிந்து வாழப் பழகியது. திறந்த தொட்டியின் நடுவில், தலைக்கு மேலே நிழல்கள் அசைய, ஒளிவிடம் ஏதுமின்றி அதை வைத்தால் அதன் உடலில் கார்ட்டிகோஸ்டீரோன் எனும் ஹார்மோன் உயர்கிறது. சிறிது நேரம் உயர்ந்து தணிந்தால் கேடில்லை. நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால் வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் செயலும் குன்றி, குடற்சுவரின் காவல் தளர்ந்து, அங்கே அமைதியாக வாழ்ந்துவந்த பாக்டீரியாக்கள் இரத்தத்தில் கலக்கின்றன. கிருமி இரத்தத்தில் பெருகி உடல் முழுவதும் பரவும் இந்நிலையே செப்டிசீமியா எனப்படும் குருதித் தொற்று.

பண்ணையில் இது எப்படி நிகழ்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. காலையில் தொட்டியின் வடிகாலைத் திறந்து நீரை வெளியேற்றுகிறார்கள். 31 டிகிரியில் கிடந்த குஞ்சுகளின் மேல் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நேராக வரும் குளிர்ந்த நீர் குழாய் வழியே பீய்ச்சப்படுகிறது. குஞ்சுகள் கத்திக்கொண்டு ஒரு மூலைக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் குவிகின்றன. அடியில் சிக்கியவற்றின் வயிறு கான்கிரீட்டில் உராய்கிறது. மேலே இருப்பவற்றின் நகம் கீழே இருப்பவற்றின் முதுகைக் கீறுகிறது. அரைமணி நேரத்தில் தொட்டி பளிச்சென்று இருக்கும். அடுத்த சில நாட்களில் சில குஞ்சுகள் இரையெடுக்காமல் ஒதுங்கும். வயிற்றுத் தோலில் செந்நிறப் புள்ளிகள் தோன்றும். பிறகு சாவு தொடங்கும். அப்போது எடுக்கப்படும் மாதிரியில் ஏரோமோனாஸ் எனும் நீர்வாழ் பாக்டீரியா கிடைத்துவிட்டால், குற்றம் முழுவதும் அதன்மேல் சுமத்தப்படும். அந்தக் காலையில் நடந்த சுத்தம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

கிருமிகள் இரு வகை

முதலைகளில் பதிவாகியுள்ள பாக்டீரியாக்களின் பட்டியல் நீளமானது. தடுப்பு நோக்கில் அவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.

1. வாய்ப்புக்காகக் காத்திருப்பவை. ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா நன்னீர் எங்கும் இருப்பது. சால்மோனெல்லா, எட்வர்ட்சியெல்லா டார்டா, சிட்ரோபேக்டர், புரோட்டியஸ், பிராவிடென்சியா, மோர்கனெல்லா, ஈ. கோலை போன்றவை குடலில் வாழ்பவை. சூடோமோனாஸ் ஈரமான இடமெல்லாம் படியும். இவற்றை ஒரு பண்ணையிலிருந்து முற்றிலும் ஒழிக்க முடியாது. ஒழிக்க முயல்வது பணத்தையும் மருந்தையும் தண்ணீரில் கரைப்பதாகும். இவற்றுக்கு எதிரான தடுப்பு என்பது விலங்கின் உடல்நிலையைக் காப்பதும் நீரில் இவற்றின் அளவைக் குறைத்து வைப்பதுமே.

2. வெளியிலிருந்து நுழைபவை. இவற்றுள் முதன்மையானது மைக்கோபிளாஸ்மா. 1995-இல் ஃபுளோரிடாவில் அடைப்பில் இருந்த 74 ஆண் அலிகேட்டர்களில் 60 இறந்தன. அதற்குக் காரணமான கிருமி பின்னர் மைக்கோபிளாஸ்மா அலிகேட்டரிஸ் என்று பெயரிடப்பட்டது. மூட்டு வீக்கம், நிமோனியா, இதய உறையில் அழற்சி ஆகியவை அதன் அடையாளங்கள். இறந்தவை நன்கு வளர்ந்த பெரிய விலங்குகள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முதல்வகைக் கிருமிகள் பெரும்பாலும் குஞ்சுகளையே குறிவைக்கும். அதே பத்தாண்டில் சிம்பாப்வேயின் நைல் முதலைப் பண்ணைகளில் மூட்டழற்சியை உண்டாக்கிய மைக்கோபிளாஸ்மா குரோக்கடைலி கண்டறியப்பட்டது. உயிரணுக்களுக்குள்ளேயே வாழும் கிளமிடியாவும் இந்த வகையைச் சேர்ந்ததே. அது குஞ்சுகளில் கல்லீரலைத் தாக்கித் திடீரெனக் கொல்லும், அல்லது கண் இமைகள் வீங்கி ஒட்டிக்கொள்ளும் நாட்பட்ட நோயாக நிற்கும்.

இரண்டுக்கும் நடுவே சில உண்டு. ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்பகுதியில் இளம் உவர்நீர் முதலைகளில் தோலுக்கு அடியிலுள்ள திசுவை அழுகச் செய்த தொற்று ஒன்று 2007-இல் வெளியான ஆய்வில் விவரிக்கப்பட்டது. அதன் காரணி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. இது மனிதரின் குடலிலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் சாதாரணமாகக் காணப்படும் கிருமி. அலிகேட்டர் வளர்ப்போர் 'பழுப்புப் புள்ளி நோய்' என்று அழைக்கும் தோல் நோய்க்கு டெர்மட்டோஃபிலஸ் வகைப் பாக்டீரியா காரணம். அது செதில்களுக்கு இடையிலுள்ள மென்தோலில் இறங்கிக் குழி பறிக்கும். எப்போதும் ஈரமாகவே இருக்கும் தோல் அதற்கு ஏற்ற இடம் என்பதால், தொட்டியில் நீர்ப்பகுதியோடு காய்ந்த தரைப்பகுதியும் இருப்பதே அதற்கு எதிரான முதல் தடுப்பு.

மருந்து ஏன் தாமதமாகவே வந்து சேர்கிறது

தடுப்புக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம், முதலையில் சிகிச்சை பெரும்பாலும் தோற்பதுதான். அதற்கு நான்கு காரணங்கள் சொல்லலாம்.

1. நோயுற்ற முதலை இரையெடுக்காது. இரையில் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் நலமாக இருக்கும் விலங்குகளின் வயிற்றுக்குத்தான் போகும். நோயுற்றதோ பட்டினியோடு மூலையில் கிடக்கும். தொட்டி நீரில் மருந்தைக் கரைத்துவிடுவது அதைவிட மோசம்: உள்ளே போகும் அளவு தெரியாது, நீரில் உள்ள கிருமிகள் மட்டும் எதிர்ப்புத்திறன் பெறும்.

2. முதலையின் உடல் தொற்றுக்குப் பதில் சொல்லும் விதம் வேறு. பாலூட்டிகளில் புண் சீழ் பிடித்து உடைந்து வடியும். முதலையில் ஃபைப்ரின் என்ற புரத நார் சுரந்து கிருமியைச் சுற்றி இறுகிவிடுகிறது. வீங்கிய மூட்டை அறுத்துப் பார்த்தால் திரவம் வழியாது. பாலாடைக்கட்டி போன்ற மஞ்சள் கட்டி ஒன்றைக் கிடுக்கியால் அப்படியே தூக்கி எடுக்கலாம். கிருமி பரவாமல் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் இரத்த ஓட்டமே இல்லாத அந்தக் கட்டிக்குள் மருந்தும் நுழையாது.

3. குளிர்ந்த உடலில் மருந்து மெதுவாகப் பரவி மெதுவாகவே வெளியேறும். பாலூட்டிகளுக்கு வகுத்த வேளைக் கணக்கு இங்கே பொருந்தாது. ஜென்டமைசின் போன்ற மருந்துகள், நீர்ச்சத்து இழந்த ஊர்வனவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே சிகிச்சை தொடங்கும் முன் விலங்கைச் சரியான வெப்பநிலைக்குக் கொண்டுவருவதே முதல் மருந்து.

4. கிருமிக்கும் மருந்துக்கும் பொருத்தம் வேண்டும். ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா இயல்பிலேயே ஆம்பிசிலினுக்கு அடங்காது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரைத் தாக்கிக் கொல்லும் பெனிசிலின் குடும்பம் முழுவதும் அதன்முன் பயனற்றது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் மைக்கோபிளாஸ்மாவின் அறிகுறிகளைத் தணிக்கும்; நிறுத்தியபின் நோய் திரும்புவதும் உண்டு.

'தடுப்புக்காக' என்று நாள்தோறும் இரையில் சிறிதளவு ஆன்டிபயாட்டிக் கலக்கும் வழக்கம் இந்தப் பின்னணியில் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாதது. அது வெப்பமூட்டும் கருவியின் பழுதையும் அடைசலையும் சில மாதங்கள் மறைத்து வைக்கும். பிறகு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியோடு அதே சிக்கல் திரும்ப வரும்.

முட்டையிலிருந்தே தொடங்கும் தடுப்பு

தொற்றின் முதல் வாசல் முட்டை. முதலை முட்டை இடப்பட்ட ஒரு நாளுக்குள் கரு ஓட்டின் மேற்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது; அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு சாகலாம். செத்த கரு அழுகும். 32 டிகிரி வெப்பமும் நிறைந்த ஈரப்பதமும் உள்ள அடைகாப்பானில் ஓர் அழுகிய முட்டை வெடித்தால் அந்தப் பெட்டியில் உள்ள அனைத்துக்கும் தொற்று பரவும். எனவே எடுக்கும்போதே மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, அதே நிலையில் அடுக்கி, கருவளர்ச்சியைக் காட்டும் வெண்பட்டை தோன்றாத முட்டைகளையும் நிறம் மாறியவற்றையும் வாரந்தோறும் நீக்குவது அடிப்படை வேலை. முட்டைக்கு அடியில் இடும் பொருள் புதியதாக இருக்க வேண்டும். சென்ற பருவத்தில் பயன்படுத்தியதை வெயிலில் காயவைத்து மீண்டும் இடுவது சிக்கனமாகாது.

நைல், உவர்நீர் முதலைகளில் ஏறத்தாழ 80 முதல் 90 நாட்களிலும், அலிகேட்டரில் அதற்கு முன்பேயும் பொரியும் குஞ்சு, வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மீதியைச் சுமந்துகொண்டே வெளியே வருகிறது. முதல் சில நாட்களுக்கு அதுவே உணவு. தொப்புள் முழுமையாக மூடும்வரை அந்த மஞ்சள் கரு, கிருமி வளர்க்கும் ஊடகம் போலத்தான். அழுக்கு நீரில் விடப்பட்ட குஞ்சுக்குத் தொப்புள் வழியாகக் கிருமி ஏறுகிறது. வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே போனால் மஞ்சள் கரு உறிஞ்சப்படாமல் கட்டியாக நின்று, உள்ளேயே கெட்டுப்போகிறது. வயிறு உப்பி, நடக்கும்போது கால்களை அகட்டி வைக்கும் பத்து நாள் குஞ்சைக் கண்டால் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். பொரித்த குஞ்சின் தொப்புளில் அயோடின் கரைசல் தடவி, அது காயும்வரை சுத்தமான சூடான இடத்தில் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

தொட்டி, நீர், துப்புரவு

துப்புரவு குறித்துப் பண்ணைகளில் இரு கோளாறான போக்குகள் உண்டு. ஒன்று, நீர் பச்சையாகி நாற்றமடிக்கும்வரை விடுவது. மற்றொன்று, கிருமிநாசினியை அள்ளி ஊற்றினால் போதும் என்று நினைப்பது. கழிவும் கொழுப்பும் படிந்த பரப்பில் ஊற்றும் குளோரின் அந்தக் கழிவோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். கிருமிவரை அது எட்டாது. தொட்டியின் சுவரில் வழுவழுப்பாகத் தட்டுப்படும் உயிர்ப்படலம் பாக்டீரியாக்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட காப்பு. அதைத் தேய்த்து உரித்த பின்னரே கிருமிநாசினிக்கு வேலை உண்டு. வரிசை மாறக் கூடாது: முதலில் நீரை வடித்தல், அடுத்துக் கழிவை அள்ளுதல், பிறகு சோப்பு இட்டுத் தேய்த்தல், அலசுதல், கிருமிநாசினி இட்டு உரிய நேரம் விடுதல், மீண்டும் அலசுதல், கடைசியில் தொட்டியில் இருந்த அதே வெப்பநிலையுள்ள நீரால் நிரப்புதல்.

இந்தக் கடைசி வரிதான் பெரும்பாலும் கைவிடப்படுகிறது. புதுநீரைச் சூடாக்கத் தனித் தொட்டியும் எரிபொருளும் வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கவே குளிர்நீர் நேராக விடப்படுகிறது. நோய்த் தடுப்புக்கென ஒதுக்கிய பணம் சிறிதளவே இருந்தால், மருந்து அலமாரிக்குப் பதிலாக அதை வெந்நீர்த் தொட்டிக்கு ஒதுக்குவதே சரி.

சுத்தம் செய்வதே முதலைகளை அச்சுறுத்தும் என்பதால், எத்தனை முறை சுத்தம் செய்வது என்பதில் ஒரு நடுநிலை தேவை. இரையெடுத்த மறுநாள் சுத்தம், இரையெடுக்காத நாளில் தொல்லையின்மை என்பது பல பண்ணைகளுக்குப் பொருந்தும் ஏற்பாடு. ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில் வந்தால் குஞ்சுகள் சில வாரங்களில் பழகிவிடும். பார்வையாளரைக் குஞ்சுக் கொட்டகைக்குள் விடுவது அந்தப் பழக்கத்தைக் குலைக்கும்.

கட்டுமானத்தில் கவனிக்க வேண்டியவை இவை.

1. தரை வழுவழுப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான கான்கிரீட் வயிற்றுத் தோலையும் பாதங்களையும் தேய்த்துப் புண்ணாக்கும். அந்தப் புண் கிருமிக்கு வாசல்.

2. நீர்ப்பரப்பின் ஒரு பகுதிக்கு மேல் தாழ்வான பலகை அமைத்து, அடியில் ஒளிந்துகொள்ள இடம் தர வேண்டும். மூலையில் குவியும் பழக்கம் இதனால் பெருமளவு குறையும்.

3. ஒரு தொட்டியில் ஒரே அளவுள்ளவை மட்டும் இருக்க வேண்டும். வளர்ச்சி குன்றிய குஞ்சு பெரியவற்றின் நடுவே இரைக்கும் சூட்டுக்கும் போட்டியிட முடியாமல் நாளடைவில் நோயின் முதல் இரையாகும்.

4. ஒரு தொட்டியின் கழிவுநீர் அடுத்த தொட்டிக்குள் போகக் கூடாது. கேட்பதற்கு எளிது, சரிவான நிலத்தில் வரிசையாகக் கட்டிய பழைய பண்ணைகளில் இதைத் திருத்துவது கடினம்.

5. வெப்பமானி, முதலை இருக்கும் மட்டத்தில், அதாவது தரையிலும் நீரிலும் இருக்க வேண்டும். மனிதரின் கண் உயரத்தில் சுவரில் தொங்கும் வெப்பமானி 31 காட்டும்போது தரை 26-இல் இருக்கக்கூடும். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளைத் தானே பதிந்து வைக்கும் கருவியாக இருந்தால், விடியற்காலை 4 மணிக்கு நடந்ததைக் காலை 9 மணிக்குத் தெரிந்துகொள்ளலாம்.

இரையில் வரும் கிருமி

முதலைகளுக்குக் கொடுக்கப்படும் இறைச்சி பெரும்பாலும் மனிதர் உண்ணாத கழிவு: கோழிப் பண்ணையில் இறந்தவை, இறைச்சிக் கூடத்தில் ஒதுக்கப்பட்டவை. அவை எந்த நோயால் இறந்தன என்று கேட்காமல் வாங்கும் பண்ணை, சால்மோனெல்லாவைக் காசு கொடுத்து வாங்குகிறது. உறைய வைப்பது பாக்டீரியாக்களின் பெருக்கத்தை நிறுத்துமே தவிர அவற்றைக் கொல்வதில்லை. உறைந்த இறைச்சியை இரவு முழுவதும் திறந்தவெளியில் வைத்து இளக்கினால் நிறுத்திய பெருக்கம் வேகமாகத் தொடரும். குளிர்பெட்டிக்குள்ளேயே இளக்கி, அரைத்த உடனே கொடுத்து, சில மணி நேரத்தில் மீதியை அள்ளிவிட வேண்டும். உலர்தீவனக் குருணைகள் இந்த ஆபத்தைக் குறைக்கின்றன. ஆனால் எல்லா இனங்களும் அவற்றை விரும்பி எடுப்பதில்லை. கெட்டுப்போன மீனை மட்டுமே தொடர்ந்து கொடுப்பது உயிர்ச்சத்து ஈ குறைவையும் உண்டாக்கும். வெப்பமூட்டும் கருவி பழுதான நாளில் இரை கொடுக்கவே கூடாது.

புதிய வரவுகளும் தனிமைப்படுத்தலும்

மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா போன்ற இரண்டாம் வகைக் கிருமிகளுக்கு எதிராக, மேலே சொன்ன நற்பராமரிப்பு மட்டும் போதாது. நன்கு பராமரிக்கப்பட்ட விலங்கையும் அவை வீழ்த்தும். பிற பண்ணையிலிருந்தோ காட்டிலிருந்தோ வரும் முதலைகளைத் தனி நீர்வழியும் தனி ஆட்களும் தனிக் கருவிகளும் உள்ள இடத்தில் சில மாதங்கள் வைத்துப் பார்ப்பதே இங்கே நம்பத்தக்க வழி. சில வாரத் தனிமை போதாது. கிருமியைச் சுமக்கும் முதலை நெடுநாள் நலமாகவே தோன்றும். இனத்துக்கு இனம் நோயின் கடுமையும் வேறுபடும். மைக்கோபிளாஸ்மா அலிகேட்டரிஸ் கிருமியைச் செலுத்திய சோதனையில் அலிகேட்டரின் உறவினமான கெய்மன் முதலைகள் கடுமையாக நோயுற, சயாம் முதலைகள் நோயுறவில்லை. ஆகவே பல இனங்களை அருகருகே வைத்திருக்கும் பண்ணையில், ஓர் இனம் நலமாக இருப்பதை வைத்து மற்றொன்றின் பாதுகாப்பை முடிவு செய்ய முடியாது.

வேலையின் வரிசையும் இதில் அடங்கும். குஞ்சுகளிடம் முதலில், வளர்ந்தவற்றிடம் அடுத்து, நோயுற்றவற்றிடம் கடைசியில் செல்ல வேண்டும். கொட்டகை வாசலில் வைக்கும் கால் நனைக்கும் தொட்டி, அதிலுள்ள கரைசல் நாள்தோறும் மாற்றப்பட்டால் பயன் தரும். சேறு கலங்கிய தொட்டி வெறும் சடங்கு.

இறந்த முதலை சொல்வது

சாவு நேர்ந்தால் உடலை உடனே குளிரில் வைத்து, சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்க்க வேண்டும். தாமதித்தால், குடலிலிருந்து கிருமிகள் எல்லா உறுப்புகளுக்கும் பரவிவிடும். வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு மிதந்த உடலில் ஏரோமோனாஸ் கிடைப்பது சாவின் காரணத்தைச் சொல்லாது. சாகும் நிலையில் உள்ள ஒன்றிலிருந்து எடுத்த இரத்த மாதிரி, இறந்த பத்திலிருந்து எடுத்தவற்றைவிட மதிப்புள்ளது.

மூட்டு வீக்கத்தில் இன்னொரு குழப்பம் நேரும். யூரிக் அமிலம் படிந்து வரும் கவுட் நோயும் மூட்டை வீங்க வைக்கும். அது தொற்று அன்று. அறுத்தால் சுண்ணாம்பு போன்ற வெண்பொடி தெரிந்தால் கவுட். மஞ்சள் நிற நார்க்கட்டி தெரிந்தால் தொற்று என்று ஐயப்படலாம். முன்னதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது, ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கு மேலும் சுமையேற்றும்.

தடுப்பூசியின் எல்லை

சிம்பாப்வேயில் மைக்கோபிளாஸ்மா குரோக்கடைலி பரவியபோது, அந்தக் கிருமியிலிருந்தே தயாரித்த தடுப்பூசி பயன்படுத்தப்பட்டது பற்றிய ஆய்வு 2001-இல் வெளியானது. இவ்வாறு குறிப்பிட்ட பண்ணையில் கிடைத்த கிருமியைச் செயலிழக்கச் செய்து அதே பண்ணைக்கு ஊசியாகத் தயாரிப்பது, ஒரே கிருமி திரும்பத் திரும்பத் தாக்கும் இடத்தில் பொருள் உள்ள முயற்சி. குருதித் தொற்றை உண்டாக்கும் முதல்வகைக் கிருமிகளுக்கு அது பொருந்தாது. அவை பல இனங்கள், ஒவ்வொன்றிலும் பல வகைகள். ஒன்றுக்கு ஊசி போட்டால் மற்றொன்று அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவதே, அவற்றை நோய்க்கு ஆளாக்கும் அளவுக்கு அச்சமூட்டும் வேலை என்பதும் கணக்கில் வர வேண்டும்.

மனிதருக்கு என்ன தொடர்பு

நலமான முதலையின் குடலிலும் சால்மோனெல்லா வாழ்வதால், பண்ணைப் பணியாளருக்கும் இறைச்சியை உண்போருக்கும் ஆபத்து உண்டு. தொட்டி கழுவும்போது தெறிக்கும் நீர், கடிபட்ட காயம், கையுறையின்றிக் குடலைப் பிரித்தெடுப்பது ஆகியவை தொற்றும் வழிகள். எட்வர்ட்சியெல்லாவும் ஏரோமோனாஸும் மனிதரின் காயங்களில் கடும் தொற்றை உண்டாக்கக்கூடியவை. ஆகவே முதலை கடித்த காயத்தை, சிறியதாகவே இருந்தாலும், உடனே நிறைய நீரால் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். தண்ணீரில் வாழும் விலங்கு கடித்தது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். வெட்டுக்கு முன் சில நாட்கள் இரை நிறுத்தி வைப்பதும், தோலுரிக்கும் முன் உடலின் வெளிப்புறத்தைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்வதும், குடல் கிழியாமல் அகற்றுவதும் இறைச்சியில் படியும் கிருமியைக் குறைக்கும். சிகிச்சை பெற்ற விலங்காக இருந்தால், மருந்து உடலைவிட்டு நீங்கும் காலத்தையும் அதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்; குளிர்ந்த உடலில் அந்தக் காலம் நீளும்.